புள்ளி மேடம்

சாக்பீஸ் ஒடிந்து கீழே விழுந்தது. குனிந்து எடுக்கலாமா என்று தமயந்தி யோசித்தாள். குனிந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவோம், உட்கார்ந்தால் கண் மூடிவிடும், கண் மூடினால் மானம் போய்விடும், ஆகவே துண்டு கிடக்கட்டும் என்று கையில் மிஞ்சிய பாதியால் கோட்டை இழுத்து முடித்தாள். மணி ஏழு ஐம்பத்தெட்டு. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, முதல் ஷிப்ட், முதல் மணி. ஏழே முக்காலுக்குத் தொடங்கி எட்டு முப்பத்தைந்துக்கு முடிகிற இந்த ஐம்பது நிமிடத்தை அரசுக் கல்லூரியில் யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குவதில்லை. நிரந்தரப் பேராசிரியர்கள் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு, ஒருவருக்கு ரயில் தாமதம், ஒருவருக்குப் பேரனைப் பள்ளியில் விடவேண்டும், கடைசியில் அது கௌரவ விரிவுரையாளர் தலையில் வந்து விடியும். கௌரவமெல்லாம் பெயரோடு சரி. மத்தியானம் இரண்டாம் ஷிப்ட் பிள்ளைகள் இதே பெஞ்சுகளில் வந்து உட்கார வேண்டும், அதற்குள் இவர்கள் எழுந்து போயாக வேண்டும், அதனால் இவர்களுக்குப் பாவம் சூரியன் உதிக்கும்போதே படிப்பும் உதித்துவிடுகிறது. கரும்பலகையில் கார்னோ இயந்திரத்தின் படம். சூடான இடத்தில் வெப்பத்தை வாங்கும், கொஞ்சத்தை வேலையாக மாற்றும், மிச்சத்தைக் குளிர்ந்த இடத்தில் கொட்டும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும், மறுபடி புறப்படும். நாலு படி. ஏழு வருடமாகச் சொல்கிறாள், வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போகிறது, வாயை விட்டுவிட்டு மனம் எங்கு வேண்டுமானாலும் போய் வரலாம். போயும்விட்டது, வீட்டுக்கு.

காஸ் ரெகுலேட்டரை மூடினோமா. நாலு மணிக்கு எழுந்தது நினைவிருக்கிறது, முகம் கழுவியது நினைவிருக்கிறது, குக்கரில் நாலு விசில் எண்ணியது, மகிழினியின் டப்பாவில் எலுமிச்சைச் சோறும் ஓரத்தில் உருளைக்கிழங்கும் வைத்தது, தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது, சூடு இல்லை, நல்லவேளை, அப்புறம் செருப்பு, அப்புறம் தெருமுனை, ஐந்தே முக்கால் பஸ். நடுவில் ரெகுலேட்டர் எங்கே. அந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. கணவன் இளங்கோவன் ஏழு மணிக்கு எழுந்து காப்பி போடப் போயிருப்பான், வாசனை வந்திருந்தால் தெரிந்திருக்கும், தெரியாமல் தீக்குச்சியைக் கிழித்திருந்தால். சீ. “இரண்டாவது படியில் வெப்பம் உள்ளேயும் போகாது, வெளியேயும் போகாது,” என்றது வாய். அவன் போன வாரம் கேலி செய்தான், நீ தூக்கத்தில்கூட அடுத்த படி, அடுத்த படி என்று பேசுகிறாய், எனக்கே பாதி பாடம் வந்துவிட்டது என்று. தூக்கத்தில் பாடம் நடத்துவது ஒரு பக்கம் இருக்கட்டும், பாடத்தில் தூங்காமல் இருந்தால் போதும். பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கியதில் நெற்றியோரம் இன்னும் வலிக்கிறது. தடம் விழுந்திருக்குமோ, பிள்ளைகள் பார்த்திருப்பார்களோ. பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள். ரெகுலேட்டர், ஆமாம், மூடினோம், டக்கென்று ஒரு சத்தம் வந்தது, அந்தச் சத்தம் இன்றைக்கு வந்ததா நேற்றைக்கு வந்ததா. எல்லா விடியலும் ஒரே விடியலாக இருக்கிறது, இன்று எது நேற்று எது என்று பிரித்துச் சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. “பரோட்டாக் கல்லை எடுத்துக்குங்க,” என்றாள். “கல்லுல இருக்கற சூடு மொத்தமும் பரோட்டாவுக்கே போகுதா? பாதி மாஸ்டர் மேலதான் அடிக்குது.” சிரிப்பதற்காகக் கொஞ்சம் இடம் விட்டாள். மின்விசிறி சுற்றும் சத்தம்தான் கேட்டது. சொன்னதையே சொல்கிற மாதிரி மனதில் ஒரு இடறல் வந்தது, ஏழு வருடமாகச் சொன்னதைத்தானே சொல்கிறாய் என்று அதைத் தள்ளிவிட்டுக் கீழ்க்கோட்டைப் போட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். வந்திருந்தவர்கள் நாற்பத்தேழு பேர். தூக்கத்தில்தான் எத்தனை வகை. கன்னத்தில் கை வைத்துச் சிந்திப்பவர்களைப் போலத் தூங்குகிறவர்கள், முன்னால் இருப்பவன் முதுகை மறைவாக வைத்துத் தூங்குகிறவர்கள், இரண்டாம் பெஞ்சு செல்வகணபதியைப் போலக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்கள். இவர்கள் எல்லோரையும்விடப் பெரிய கைகாரர்கள் எழுதிக்கொண்டே தூங்குகிறவர்கள். இன்றைக்கு ஏறக்குறைய எல்லோரும் அந்த வகைதான், தலை குனிந்து நாற்பத்தாறு பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் பரக்கத் நிஷா மட்டும் எழுதவில்லை. பேனாவுக்கு மூடி போட்டாகிவிட்டது, மோவாயில் கை, பார்வை எங்கோ. தமயந்தி மேசைக்கு வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்து நிஷாவின் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். காலையில் கத்துவதற்குத் தெம்பு இல்லாததால் அவளே கண்டுபிடித்த வழி இது. தூங்கினால் புள்ளி, சத்தமில்லை, சண்டையில்லை. பிள்ளைகள் அவளுக்குப் ‘புள்ளி மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், கோலம் எப்போது போடுவார்கள் என்று முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொள்வார்கள், அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன மாதம் துறைக் கூட்டத்தில்தான் வினை வந்தது. உங்கள் தாளில் பாதிக்கு மேல் அரியர், வகுப்பில் என்னதான் செய்கிறீர்கள் என்று துறைத்தலைவர் நமச்சிவாயம் கேட்டபோது, தப்பித்தால் போதும் என்று அவள் பதிவேட்டைத் திறந்து புள்ளிகளைக் காட்டிவிட்டாள். அவருக்குப் பிடித்துப்போயிற்று. மூன்று புள்ளிக்கு ஒரு நாள் வருகை ரத்து, பட்டியல் போட்டுக் கொடுங்கம்மா என்றார். பட்டியல் கைப்பையில் இருக்கிறது. பதினொரு பெயர். இந்த வகுப்பு முடிந்ததும் கொடுக்க வேண்டும். பத்துப் பேர் பெற்றோரைக் கூட்டிவந்து தப்பிவிடுவார்கள், முதல் பெயரான நிஷாவுக்கு அது முடியாது, அவள் வருகை எழுபத்தாறு சதவீதத்தில் நிற்கிறது, புள்ளிகளைக் கழித்தால் எழுபத்துநாலு, எழுபத்தைந்துக்குக் கீழே போனால் பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் இல்லை. ஒரு வருடம் போகும். வருடம் மட்டும் போகுமா, இந்த மாதிரி வீடுகளில் நின்றால் நின்றதுதான், அடுத்த பேச்சு கல்யாணமாக இருக்கும். என்ன செய்வது, தூங்குகிறாளே. நேரில் பார்த்துத்தானே புள்ளி வைக்கிறோம், கற்பனையாகவா வைக்கிறோம். இப்படித் தனக்குத்தானே மூன்று முறை சொல்லிக்கொண்டாள். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் உறுத்தியது.

நிற்பதைவிட நடப்பது நல்லது, கால் ஓடினால் கண் மூடாது. மேடையிலிருந்து இறங்கிப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். செல்வகணபதியின் நோட்டில் படம் அழகாக வந்திருந்தது, ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறான், சோம்பேறி என்று நினைத்தோமே, பரவாயில்லை. வலது பக்கத்தில் ஒரு படம், இடது பக்கத்தில் ஒரு படம். இரண்டும் கார்னோ. பயிற்சிக்காக இரண்டு தரம் போட்டானோ. வலது பக்கத்தின் மேலே இன்றைய தேதி, இடது பக்கத்தின் மேலே நேற்றைய தேதி. தூக்கக் கலக்கத்தில் தேதியை மாற்றிப் போட்டிருப்பான். பின் பெஞ்சுக்குப் போனாள். அங்கேயும் இரண்டு படம், இரண்டு தேதி. அதற்குப் பின்னால் மூன்று பெண்கள், மூன்று நோட்டு, ஆறு படம். ஒருத்தி இடது பக்கத்தின் ஓரத்தில் பரோட்டாக் கல் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். வலது பக்கத்தின் ஓரத்திலும் பரோட்டாக் கல், அடிக்கோடு. நேற்று என்ன நடத்தினோம். நேற்று செவ்வாய். நேற்று காலை பஸ், கம்பி, சாக்பீஸ், நாலு படி. நேற்று நாலாவது படி முடியும்போது மணி அடித்தது, நாளைக்குக் கணக்குப் போடலாம் என்று சொன்னோம். சொன்னோமா. சொன்னோம். நாற்பத்தேழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு குரல்கூட எழவில்லையே, மேடம் இது நேற்றே ஆயிற்று என்று ஒரு ஆள் சொல்லவில்லையே. இவர்களைச் சொல்லி என்ன, நடத்தினவளுக்கே தெரியவில்லை. நின்றுகொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, வாயால் பேசிக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் தூங்கியிருக்கிறாள். இந்த வகுப்பிலேயே பெரிய தூங்குமூஞ்சி மேடையில் நின்றிருக்கிறது, அதன் கையில் பென்சில் வேறு. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இன்னும் நம்பாமல், கடைசிப் பிடிப்பாக, கடைசி பெஞ்சு வரைக்கும் போனாள்.

நிஷாவின் நோட்டில் வலது பக்கம் வெறுமையாக இருந்தது. தேதி மட்டும் போட்டு நிறுத்தியிருந்தாள். “ஏம்மா எழுதல?” என்று கேட்ட குரல் தமயந்திக்கே வேறு யாருடையதோ போல ஒலித்தது. நிஷா எழுந்து நின்றாள். “எழுதிட்டேன் மேடம்.” “எப்ப?” “நேத்து.” பக்கத்தில் இருந்தவள்கூடத் தலையைத் தூக்கவில்லை. “தெரிஞ்சுதுன்னா சொல்லலாம்ல?” என்றாள் தமயந்தி தணிவாக. “சொல்லலாம்னுதான் மேடம் பாத்தேன். நீங்க முகமெல்லாம் ரொம்ப அசந்து போய் இருந்தீங்க. அப்புறம் நேத்து எனக்கு ஒண்ணுமே புரியல, எழுத மட்டும்தான் செஞ்சேன். இன்னிக்கு எழுதற வேல இல்லயா, சும்மா கேட்டேன். எழுதாம இருந்தா காதுல விழுது மேடம்.” திட்டு விழுமோ என்ற பயத்தோடு கையைப் பலகைப் பக்கம் காட்டினாள். “அந்த மேல் கோட்டுல குளிர்னு போட்டிருக்கீங்க. அங்கதான வெப்பத்தை வாங்குது, அது சூடான எடம்தான மேடம்? கீழ இருக்கறதுதான குளிர்? நேத்தும் மாத்தித்தான் போட்டீங்க.” தமயந்தி திரும்பிப் பார்த்தாள். மேலே குளிர், கீழே சூடு. நாற்பத்தாறு நோட்டுகளில் இரண்டிரண்டு தரம் மேலே குளிர், கீழே சூடு. “தெனமும் தூங்குவியே,” என்றாள், குற்றமாகச் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “தூங்குவேன் மேடம். அஞ்சு இருபதுக்கு எங்க ஊர்ல பஸ், அதை விட்டா எட்டரைக்குத்தான். எவ்வளவு கிள்ளிப் பாத்தாலும் எட்டு மணிக்கு மேலதான் மேடம் எனக்கு முழிப்பே வருது.” பொய் சொல்லத் தெரியாத பெண். தூங்கிய நாளெல்லாம் தூங்கினேன் என்கிறாள், விழித்திருந்த ஒரு நாளில் அவளுக்கு ஒரு புள்ளி.

மேடைக்குத் திரும்பி நடக்கிற அந்தப் பத்துப் பன்னிரண்டு அடியில் தமயந்தியின் மனம் ஊர் முழுக்கச் சுற்றிவந்தது. ரிவிஷன் என்று சொல்லிவிட்டால் போதும். வேண்டுமென்றேதான் மறுபடி நடத்தினேன், எத்தனை பேர் கவனிக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் குளிரையும் சூட்டையும் மாற்றிப் போட்டேன், அந்தப் பெண் ஒருத்திதான் கண்டுபிடித்தாள், மற்றவர்களுக்குப் புள்ளி. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. சொல்லவும் வரும், முகத்தை வைத்துக்கொள்ளவும் வரும், ஆசிரியர் வேலைக்கு வந்தவர்களுக்கு இது முதல் வருடத்திலேயே பழகிவிடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும். நாற்பத்தேழு வாய் வழியாகப் பத்து மணிக்குள் கேன்டீன், பதினோரு மணிக்குள் துறைத்தலைவர் அறை. ஜூன் மாதத்தில் அவள் வேலை நீடிக்க வேண்டுமானால் அவர் கையெழுத்துப் போட வேண்டும், வருடா வருடம் போட வேண்டும், ஒரே பாடத்தை இரண்டு நாள் நடத்துகிறவளுக்கு அவர் எதற்குப் போடுவார். மகிழினியின் பள்ளி, வீட்டு வாடகை, எல்லாம் அந்தக் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ரிவிஷன். ஒரே சொல். ஆனால் அதைச் சொன்னால் பட்டியலையும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அந்தப் பெண் வீட்டில் உட்கார வேண்டும். தூங்கியதற்குத் தண்டனை என்றால் முதல் தண்டனை யாருக்கு. மனம் இந்த இடத்துக்கு வந்து முட்டியது, திரும்பிப் போய் ரிவிஷன் என்றது, மறுபடி வந்து முட்டியது. செக்குமாடுகூட இடையில் கொஞ்சம் நின்று மூச்சு விடும். அவள் மேடையில் ஏறினாள். பலகையைப் பார்த்து நின்றாள். கிழக்கு ஜன்னலில் வெயில் ஏறி முதல் வரிசைப் பெஞ்சுகளைத் தொட்டுவிட்டது. எட்டு பதினான்கு.

“பேனாவை வைங்க,” என்றாள். வைத்தார்கள். “எல்லாரும் நேத்து எழுதுன பக்கத்தை எடுங்க.” நாற்பத்தேழு நோட்டுகள் புரளும் சத்தம் வகுப்பில் பரவியது, அந்தச் சத்தம் நடுவிலேயே தயங்கி நின்றது. செல்வகணபதி இடது பக்கத்தைப் பார்த்தான், வலது பக்கத்தைப் பார்த்தான், மறுபடி இடது பக்கத்தைப் பார்த்தான். “நேத்து நடத்துனதையே இன்னிக்கும் நடத்திட்டேன்,” என்றாள் தமயந்தி. “தெரியாமத்தான் நடத்துனேன். நாலு மணிக்கு எந்திரிச்சு வர்றேன், அசந்துட்டேன். படமும் தப்பு. நிஷாதான் இப்ப சொன்னா.” அப்புறம் எங்கேயோ ஒரு மூக்கிலிருந்து அடக்க முடியாத சிரிப்பு வெளியே வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, பிறகு பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பரவியது. நான் அடிக்கோடுகூட அதே எடத்துல போட்டிருக்கேன் பாருடி என்று ஒருத்தி பக்கத்துக்காரியிடம் நோட்டைக் காட்டினாள். செல்வகணபதி எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். “மேடம், அப்ப உங்களுக்கும் புள்ளி உண்டா மேடம்?” கேட்டுவிட்டு முகம் வெளிறி நின்றான். “உண்டு,” என்றாள் அவள். “எழுதிட்டே தூங்குன உங்களுக்கும் உண்டு. மொத்தமா வச்சா பென்சில் தீந்துரும், அதனால யாருக்கும் வேணாம்.” சிரித்துக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறு மாதமாக இந்த நாற்பத்தேழு பேரின் உச்சந்தலை வகிடுகளைத்தான் அவள் பார்த்துவந்திருக்கிறாள். முகங்கள் இப்படித்தான் இருக்குமா. செல்வகணபதிக்கு இடது கன்னத்தில் குழி விழுகிறது.

நிஷா வந்து பலகையில் குளிரை அழித்துச் சூடு என்று எழுதினாள், சூட்டை அழித்துக் குளிர் என்று எழுதினாள். மீதியிருந்த இருபது நிமிடத்தில் யாரும் நோட்டைத் தொடவில்லை. தமயந்தி பரோட்டாவை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் சூடாகிற எஞ்சின் எது என்று கேட்டாள். பம்ப்செட் என்றான் ஒருவன். அப்பாவின் டிவிஎஸ் வண்டி என்றாள் ஒருத்தி, சைலன்சரில் கால் சுட்டுக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறதாம். சுட்டுக்கொண்டவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அந்தச் சூடெல்லாம் வீணாதான மேடம் போகுது? வீணாப் போகாத எஞ்சின் ஒண்ணே ஒண்ணு செய்ய முடியாதா?” ஏழு வருடமாக இந்தப் பாடத்தின் பதிலை எல்லா வகுப்பிலும் எழுதிப் போட்டிருக்கிறாள், கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. முடியும் என்று நினைக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றாள். முப்பது கைகள் உயர்ந்தன. செய்து காட்டு என்று சவால் விட்டாள். ஒவ்வொருவராக வந்து தோற்றார்கள், தோற்றவர்களை மற்றவர்கள் கேலி செய்தார்கள், ஏன் தோற்றார்கள் என்று நிஷா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, உங்களுக்கெல்லாம் எத்தனை மணிக்குத்தான் விடிகிறது என்று கேட்டாள். எட்டேகால், எட்டரை, மூன்றாவது மணிக்கு டீ குடித்த பிறகு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். “லேப்ல மட்டும் தூக்கம் வராது மேடம்,” என்றான் செல்வகணபதி, “நின்னுக்கிட்டே இருக்கணும்ல, கையில வேலை வேற.” அவர்களுக்கு ஆய்வகம் மூன்றாவது நாலாவது மணி. எல்லோரும் நன்றாக விழித்த பிறகு கம்பியைச் சுற்றுகிறார்கள், விழிக்கும் முன்னால் கார்னோவைப் படிக்கிறார்கள். கண் முன்னால் இருந்திருக்கிறது, காலையில் யாருக்கும் தெரியவில்லை.

துறைத்தலைவர் அறையில் நமச்சிவாயம் அன்றைக்கு ஏதோ தணிக்கைக்காகச் சீக்கிரம் வந்து உட்கார்ந்திருந்தார். சாதாரணமாகப் பத்து மணிக்கு முன்னால் அவரைப் பார்க்க முடியாது, முதல் மணியை அவர் எடுத்ததாக அந்தக் கல்லூரியில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பட்டியலுக்காகக் கையை நீட்டினார். தமயந்தி கைப்பையிலிருந்து அதை எடுத்தாள், கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன, ஜூன் மாதம் ஒருமுறை மனதில் வந்து போயிற்று, நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “முழுப் பாடத்தையுமா?” “பரோட்டாக் கல் வரைக்கும் சார்.” “தப்பையும் சேத்தா?” “ஆமா சார்.” வெளியே அடுத்த வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின் சத்தம். “நாப்பத்தேழு பேரும் உக்காந்து எழுதுனாங்களா?” என்று கேட்டார். “நாப்பத்தாறு பேர் சார். ஒருத்தி எழுதல. நேத்தே எழுதிட்டேன்னு சொன்னா.” பட்டியலைப் பிரித்து மேசையில் வைத்து முதல் பெயரின் மேல் விரலை வைத்தாள். “இவதான் சார்.” இந்த வகுப்புக்கு ஆய்வகத்தை முதல் இரண்டு மணிக்கு மாற்றிவிட்டு, பாடத்தை மூன்றாவது மணிக்குத் தள்ளினால் போதும் சார், முதல் மணியில் நானே நிற்கிறேன் என்றாள். அவர் பட்டியலை மடித்து அவள் பக்கம் தள்ளினார். கால அட்டவணையை எடுத்து விரித்துக் கொஞ்ச நேரம் பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தார். “லேப் அசிஸ்டென்ட் எட்டரைக்குத்தான் வருவான்,” என்றார். “சாவி இன்னொண்ணு என்கிட்ட இருக்கு. நாளைக்கு ஏழரைக்கு நானே வந்து திறக்கறேன்.” பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், “எந்திரிக்க முடியுதான்னு பாப்போம்,” என்றார்.